அண்ணன் குரலுக்குப் போட்ட பூட்டு

1

அண்ணன் இறந்து ஒரு வருடம் முடிகிறது. மதினி போன வாரமே கூப்பிட்டு, படத்துக்கு மாலை போட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போடப் போவதாகச் சொன்னார். என்னால் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். வரச் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே எத்தனை மணிக்கு விடியும் என்று மட்டும் கேட்டார்.

நான் இருப்பது ஃபின்லாந்தில், தம்பெரே என்ற ஊரில். காகிதம் செய்யும் இயந்திரங்களுக்கு உருளை வார்க்கிற தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் வேலை. வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம் என்று கணினியைத் திறந்தேன். விடுப்புக்கான காரணங்கள் அதில் வரிசையாக இருக்கும். நெருங்கிய உறவினர் மரணம் என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டால் இறந்த தேதி கேட்கும். போன வருடத் தேதியைப் போட்டதும் தவறு என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. மேலாளரிடம் போனேன். நல்ல பெண்மணி. இறந்த நாளை வருடா வருடம் நினைப்போம் என்று விளக்கினேன். பிறந்தநாள் மாதிரியா என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். சொந்த வேலை என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்தச் சொந்த வேலை நாளில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே பனி உருகிக் கறுத்துக் கிடக்கிறது. வழுக்காமலிருக்கக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய சரளைக்கல் எல்லாம் மேலே வந்துவிட்டது. நடந்தால் கரகரவென்று சத்தம். இந்த ஊரில் எனக்குப் பிடிக்காத மாதம் இது.

2

அண்ணன் பெயர் தவமணி. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்தினார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவர் அவர். அவர் படித்ததால் நான் படித்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். வேலை முடிந்து வரும்போது கரையில் கிடக்கிற காய்ந்த பருத்தி மாரை அடுப்புக்கு எடுத்தால்கூடக் காட்டுக்காரர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். பாடுபடுவது நாம், பொருள் அடுத்தவருடையது. அண்ணனுக்கு அது மனதில் ஆழமாகத் தைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய எதையும் ஒரு முறையாவது பிரித்துப் பார்ப்பார். மிக்ஸியைப் பிரித்தார். என் கல்யாணத்துக்கு வந்த டிவியைப் பிரித்தார். என் மனைவி விளாங்குடிக்காரி, அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த டிவி அது. அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவருக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் மகன் இனியன்மேல் கொள்ளைப் பிரியம். இனியன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். படிப்பு முடித்து, போன் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் தம்பெரே அலுவலகத்தில் சேர்ந்தான். முதல் சம்பளத்தில் அவன் வாங்கியது அந்த நிறுவனத்தின் போன்தான், அதுவும் பெரியப்பாவுக்கு. நான் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதே அவர் விரல்கள் கொஞ்சம் நடுங்கின. வயசு என்று நினைத்தேன்.

வயசு இல்லை. இயக்க நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய். முதலில் நாக்கு குழறியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மூளைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகாது, மற்றதெல்லாம் போகும் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து கிடையாது. வருடக்கணக்கில் இழுக்கலாம், சீக்கிரமும் முடியலாம். இதைப் போனில் என்னிடம் சொன்னபோது அண்ணன் அழவில்லை. "மொதல்ல 'ழ' போயிருச்சுடா தம்பி. அது நம்மகிட்ட என்னைக்கு இருந்துச்சு, போகட்டும்" என்றார்.

வாய் முழுதாகப் போவதற்குள் அவர் ஒரு காரியத்தில் இறங்கினார். உள்ளறைக் கதவைச் சாத்தி, சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுக ஒழுகத் தன் குரலைப் பதிவு செய்தார். வாரேன், போறேன், சாப்பிட்டியா, அம்புட்டுதான், வலிக்குது, மெதுவா, தண்ணி, தலையைத் தூக்கு. மதினியின் பெயரான ஈஸ்வரி என்பதை மட்டும் பலவிதமாகச் சொல்லிவைத்தார். சாதாரணமாகக் கூப்பிடுவது ஒன்று, கோபமாக ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. தம்பி என்ற சொல்லும் அப்படித்தான்.

அடுத்தது போன். கால் பெருவிரலால் திரையை லேசாகத் தொட்டால் போதும், வேண்டிய சொல்லை அது அவர் குரலில் சொல்ல வேண்டும். பேச்சு நடக்கும்போது அந்தக் குரல் அறையில் மட்டும் அல்ல, போனின் மறுமுனைக்கும் போக வேண்டும். திரை அணைந்து மணிக்கணக்காகக் கிடந்தாலும் விரல் பட்டதும் விழிக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துச் சாதாரணச் செயலியால் செய்ய முடியாது. அழைப்புக்குள் வேறொரு குரலைச் செலுத்த போன் விடாது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று செயலியை மூடிவிடும். ஆகவே போனின் அடிப்படை மென்பொருளையே மாற்ற வேண்டும். அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் நிறுவனத்திடம் கேட்டால் திறக்கும் எண் கொடுப்பார்கள். இனிமேல் போனுக்கு என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அண்ணன் அதைப் படித்துவிட்டு எண்ணை வாங்கித் திறந்தார்.

அது எதற்கு இவ்வளவு சிரமம், அவர்கள் கொடுத்தபடியே இருக்கட்டுமே என்று நான் ஒரு முறை சொன்னேன். அப்போது அவர் பேச்சு பாதிதான் புரியும். ஆனால் இது தெளிவாகவே கேட்டது.

"காசு குடுத்து வாங்குன பெறவும் இது அடுத்தவன் காடுன்னா, நம்ம எதுக்குடா படிச்சோம்?"

3

வேலை முடிய ஏழெட்டு மாதம் ஆனது. கடைசிப் பகுதியை ஒற்றை விரலால் தட்டி முடித்தார். அதற்குப் பிறகு அந்த விரலும் போய்விட்டது.

முதல் முறை அந்தப் போனிலிருந்து அழைப்பு வந்தபோது நான் தொழிற்சாலைக் கேன்டீனில் இருந்தேன். எடுத்தேன். "தம்பி" என்றது அண்ணனின் குரல். குழறல் இல்லை. கொஞ்ச நேர அமைதிக்குப் பிறகு, "சாப்பிட்டியா" என்றது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். மறுபடி அமைதி. பெருவிரல் அடுத்த சொல்லைத் தேடுகிறது என்று தெரியும். "என்ன கொழம்பு?" இங்கே கேன்டீனில் குழம்பு ஏது, வேகவைத்த உருளைக்கிழங்கும் மீனும்தான். அதைச் சொன்னதும், "வெங்காயம்" என்றார். அது அவர் வகுப்பில் திட்டுகிற சொல். அதையும் பதிவு செய்து வைத்திருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து சிரித்தேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் பேசினோம். ஒரு வாக்கியம் வர ரொம்ப நேரம் ஆகும். ஆனால் வருவது அவர் குரல். இனியனும் பேசுவான். அவன் தமிழ் சாப்பாட்டு மேசைத் தமிழ். பெரியப்பா நல்லா இருக்குதா என்றுதான் கேட்பான். இருக்கீங்களா என்று சொல்லடா என்று நான் பின்னாலிருந்து திருத்துவேன். அண்ணன் ரசிப்பார். "நல்லா இருக்குது" என்று பதில் வரும். அதை எப்போது பதிவு செய்தார், இவன் இப்படித்தான் கேட்பான் என்று தெரிந்தே செய்தாரா என்று எனக்குத் தெரியாது.

இழப்பும் இருந்தது. மென்பொருளை மாற்றிய போனில் வங்கிச் செயலி திறக்கவில்லை. பணம் அனுப்பும் செயலியும் அப்படியே. இந்தக் கருவி நம்பத்தக்கதல்ல என்று காட்டும். அதற்கு மதினியின் பழைய போனை வைத்துச் சமாளித்தார்கள். நம்பத்தக்கதல்ல என்று வந்ததை அண்ணன் ரசித்ததாகவும் யாரைப் பார்த்து யார் சொல்வது என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கியதாகவும் மதினி சொன்னார்.

4

ஒன்றரை வருடம் போல அப்படி ஓடியது. பிறகு பேட்டரி ஊதிக்கொண்டது. போனின் முதுகு உப்பி, கண்ணாடி விலகத் தொடங்கியது. வெடித்துவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். கால்மாட்டில் எந்நேரமும் கிடக்கிற பொருள். மதினி பயந்துபோய் டவுன் பஸ் பிடித்து மதுரையில் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனார். தெருமுனைக் கடையில் கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி, நல்ல இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கிறார். பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்த பெண் மரியாதையாகப் பேசினாளாம். சாயங்காலம் போனைக் கொடுக்கும்போது, "பேட்டரி மாத்தியாச்சு மேடம். உள்ள சாஃப்ட்வேர் ஏதோ தப்பா இருந்துச்சு, கம்பெனி ரூல்படி ரீசெட் பண்ணி லேட்டஸ்ட் வெர்ஷன் போட்டுட்டோம். அதுக்குக் காசு இல்ல" என்றாள்.

மதினிக்கு அது என்னவென்று புரியவில்லை. புதுப் போன் மாதிரி பளிச்சென்று இருந்தது என்று என்னிடம் பின்னால் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்தார். அண்ணன் கால் பெருவிரலால் தொட்டார். போன் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது.

பதிவுகள் கணினியில் பத்திரமாக இருந்தன. குரல் அழியவில்லை. ஆனால் போனின் புதிய மென்பொருளில் பூட்டைத் திறக்கும் வழியையே நிறுவனம் எடுத்துவிட்டிருந்தது. எண் கேட்கும் பக்கம் இல்லை. பழைய மென்பொருளுக்குத் திரும்பவும் போன் விடவில்லை. அண்ணனின் பழைய மாணவர் ஒருவர் வந்து சாதாரணச் செயலியில் அந்தக் குரல்களைப் போட்டுக் கொடுத்தார். திரை விழித்திருக்கும்வரை அறைக்குள் பேசியது. கொஞ்ச நேரம் விட்டால் செயலி மூடிக்கொண்டது. போனில் பேசும்போது குரல் மறுமுனைக்கு வரவே இல்லை. இரண்டு போனை அருகருகே வைத்துப் பார்த்தோம். ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரலை மற்றொன்று இரைச்சல் என்று நினைத்து அடக்கியது. தம்பி என்பதில் 'த' மட்டும் எனக்குக் கேட்டது.

அதே மாடலில் பழைய போன் ஒன்றை வாங்கி அனுப்பினேன். அதுவும் எப்போதோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. வேறு நிறுவனத்தின் போனில் செய்யலாம்தான். ஆனால் அண்ணன் எழுதியது அந்த ஒரு மாடலுக்கு. இன்னொன்றுக்கு மாற்றி எழுத அவர் விரல்கள் வேண்டும். அந்த மாணவர் இரண்டு மாதம் முயன்றுவிட்டு, மன்னிச்சிருங்க சார் என்று அண்ணனின் காலைத் தொட்டுவிட்டுப் போனாராம்.

5

நிறுவனத்துக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, இயந்திரம் எழுதிய பதில். உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முதன்மை என்றது. திரும்ப எழுதினேன். வேறு பெயரில் அதே வாக்கியம் வந்தது. நோயைப் பற்றி விவரமாக எழுதினேன். பார்வையற்றோருக்கும் கேளாதோருக்கும் போனில் இருக்கிற வசதிகளின் பட்டியலை அனுப்பினார்கள். அண்ணனுக்குக் கண்ணும் காதும் நன்றாகவே இருந்தன.

கடைசியில் தம்பெரேயில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். வரவேற்பில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பொறுப்பானவர் இன்று இல்லை, நாளை வாருங்கள் என்றார். நாளை உங்களைச் சந்திக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர நினைத்தேன். ஃபின்னிஷில் 'தபான்' என்றால் சந்திக்கிறேன். 'தபன்' என்றால் கொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் குறில் நெடில் பிழைக்காகத் தமிழய்யாவிடம் அடி வாங்கியவன்தான் நான். கோபமும் களைப்புமாக இருந்ததில் நெடிலை விட்டுவிட்டேன். அவர் முகம் மாறியது. வெளிநாட்டுக்காரனின் பிழை என்று அவருக்குப் புரியத்தான் செய்தது. ஆனாலும் அவர் கை மேசைக்குக் கீழே எச்சரிக்கைப் பொத்தானைத் தேடியது. நான் திருத்திச் சொல்லிவிட்டு வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். இவ்வளவு வருடத்தில் எத்தனையோ முறை சரியாகச் சொன்ன சொல் அது.

மறுநாள் பொறுப்பானவர் வந்தார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறந்த மாதிரி என்றார். காப்பி கொடுத்தார்.

6

நான் ஏன் முதலிலேயே இனியனிடம் கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவன் அந்த நிறுவனத்தில் என்ன செய்கிறான் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மென்பொருள் என்பான், அவ்வளவுதான். இங்கே பிள்ளைகளின் வேலையைத் துருவிக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் விசாரணை செய்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை சாப்பிட வந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். முன்பே பெரியப்பாவின் போன் வேலை செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும், காரணம் தெரியாது. அந்தப் பூட்டு எங்கள் குழுவின் வேலைதான் என்றான். திறக்கும் வழியை மூடிய முடிவும் அங்கே எடுத்ததுதான். அந்தக் கூட்டத்தில் அவனும் இருந்திருக்கிறான். கையை உயர்த்தியும் இருக்கிறான்.

ஏன் என்று கேட்டேன். தமிழில் ஆரம்பித்தான், முடியவில்லை. தமிழில் அவனுக்குச் சண்டை போடத் தெரியாது, ஃபின்னிஷில் எனக்குத் தெரியாது. அவன் ஃபின்னிஷுக்கு மாறியதுமே நான் தோற்றுவிட்டேன். பெண்களின் போனை வாங்கி வேவுபார்க்கும் மென்பொருளைப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் கணவன்மார்களைப் பற்றிச் சொன்னான். திருட்டுப் போன்களைப் பற்றிச் சொன்னான். வயதானவர்களை ஏமாற்றி வங்கிக் கணக்கைத் துடைப்பவர்களைப் பற்றிச் சொன்னான். எதுவும் பொய் இல்லை. திருநகரில் அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே ஓய்வுபெற்ற ஒருவர் அப்படி எல்லாவற்றையும் இழந்து படுத்துவிட்டார். எனக்குத் தெரியாததா?

"சரி, உன்னால் திறக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டேன்.

முடியும் என்றான். சோதனைப் போன்களுக்கென்று உள்ளே ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் யார், எந்தப் போனை என்று பதிவாகும். வெளியார் போனைத் திறந்தால் வேலை போகும், வழக்கும் வரலாம். முறைப்படி விண்ணப்பித்துப் பார்க்கிறேன் என்றான். விண்ணப்பித்தான். மூன்று இடங்களுக்குப் போய் வந்தது. மருத்துவக் காரணம் என்ற பிரிவே எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. நான் மறுபடி கேட்டேன்.

"நான் முடியாது, அப்பா" என்றான். என்னால் முடியாது என்று திருத்த வாய் வந்தது. திருத்தவில்லை.

என் மனைவி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனபிறகு, பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறீர்கள் என்றாள். அடுத்த மூன்று சனிக்கிழமை அவன் வரவில்லை.

7

திருநகரில் அண்ணன் எழுத்துப் பலகைக்கு வந்துவிட்டார். ஒரு அட்டையில் மேலே உயிரெழுத்து, கீழே மெய்யெழுத்து. மதினி ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போவார். சரியான எழுத்தில் அண்ணன் கண்ணை மூடுவார். மெய்யையும் உயிரையும் மதினி கூட்டிப் படிப்பார். எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு சொல்லுக்கே நேரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் அண்ணனின் முகத்தைப் பார்ப்பேன், மதினியின் குரலைக் கேட்பேன். அண்ணன் சொன்னதை மதினி சொல்லும்போது அது மதினி சொன்னதாகவே எனக்குக் கேட்டது. எவ்வளவு முயன்றும் அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

போனில் ஏற்கெனவே இருக்கிற தமிழ்க் குரலைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொன்னார்கள். அது செய்தி வாசிப்பவர் மாதிரி நான் வருகிறேன், எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டாராம். எடுத்துவிடு என்று அர்த்தம்.

இனியன் விஷயத்தை ஒரு ஞாயிறு சொன்னேன். அவனுக்குத் திறக்கத் தெரியும், செய்ய மாட்டேன் என்கிறான் என்று. மதினி பலகையில் விரல் வைத்துக்கொண்டே போனார். வெகுநேரம் கழித்து வந்தது: "அவன இழுக்காத."

அதன்பின் பேச்சு மெல்லக் குறைந்தது. பலகை பார்க்க அண்ணனுக்கே களைப்பாக இருந்தது. ஞாயிறுகளில் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். நான் இங்கத்திய பனியைக் காட்டுவேன். மதினி வீட்டுக்கு வந்துபோகிற பூனையைக் காட்டுவார்.

மூச்சுக்குழாயில் சளி அடைத்தால் அண்ணனால் இரும முடியாது. அப்போது தலையைத் தூக்கிச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். போனில் அண்ணன் எழுதிய மென்பொருள் இருந்தவரை, மதினி எங்கே இருந்தாலும் பெருவிரல் பட்டால் போதும், அவசரக் குரலில் ஈஸ்வரி என்று வீடே அதிரக் கூப்பிடும். புதிய மென்பொருள் வந்தபின் எலெக்ட்ரீஷியனை வைத்து அழைப்பு மணி ஒன்று போட்டார்கள். அதன் பொத்தானுக்கு அழுத்தம் வேண்டும். கொஞ்ச நாளில் பெருவிரலுக்கு அந்த அழுத்தமும் இல்லாமல் போனது. தொடத்தான் முடியும். ஆகவே போனையே திரும்ப வைத்து, மதினி அடிக்கடி வந்து திரையை விழிக்கவைத்துவிட்டுப் போவார்.

ஒரு பிற்பகல். மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனார். எதிர்வீட்டு அம்மா, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று தன் மாடியிலிருந்தே விசாரித்தார். பதில் சொல்லிவிட்டு இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போன் திரை இருண்டு கிடந்தது. அண்ணனின் கால் அதன்மேல் இருந்தது.

அவர் தொட்டாரா, தொட்டும் அது விழிக்கவில்லையா, தொடுவதற்கே நேரம் இருந்ததா? யாருக்கும் தெரியாது. போன் பழையபடி இருந்திருந்தாலும் அன்று போயிருப்பார் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். மதினிக்கு ஆறுதலாகச் சொல்லியும் இருக்கலாம்.

8

நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நம் ஊர் வெயிலில் வைத்திருக்க முடியாது. மூன்று விமானம் மாறிப் போனவனுக்கு, கழுவிவிட்ட முற்றமும் மடக்கு நாற்காலிகளும்தான் கிடைத்தன.

இனியன் பதினாறாம் நாளுக்கு வந்தான். வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவனாகவே டிக்கெட் எடுத்து, மதுரை விமான நிலையத்திலிருந்து ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினான். என்னோடு சரியாகப் பேச்சு இல்லை. சடங்கெல்லாம் அவன்தான் செய்தான். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பி மகன் செய்வது முறை. மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, சொன்னதைச் செய்தான். மந்திரம் எதுவும் அவனுக்குப் புரிந்திருக்காது.

வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு அவனுக்கு மதினி இலை போட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சாப்பிட்டு முடித்திருந்தேன். மதினி சோறு வைத்துப் பருப்பு ஊற்றினார். எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஏய்யா, அந்தப் பூட்டு ஒங்க ஆபீசுல போட்டதுதானாமே?"

இனியன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "ஆமா, பெரியம்மா. என் டீம்."

"ஒனக்குத் தொறக்கத் தெரியுமாமே?"

நான் வாயைத் திறந்தேன். மதினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியும்" என்றான்.

மதினி தலையை அசைத்தார். புடவைத் தலைப்பால் இலைக்குப் பக்கத்தில் வந்த ஈயை ஓட்டினார்.

"ஒங்க பெரியப்பாவும் தொறக்கப் பாத்தாக. அவுககிட்டப் படிச்ச அந்தப் பயல ஒக்கார வச்சுக்கிட்டு, இவுக பலகையில ஒவ்வொரு எழுத்தாச் சொல்ல, அவன் கம்ப்யூட்டர்ல தட்ட, ரெண்டு மாசம். முடியல. அவன் போன அன்னைக்கு இவுக என்னமோ சொல்லணும்னு கண்ணக் காட்டுனாக. கம்பெனிக்காரன ஏசத்தான் போறாகன்னு நெனச்சு அட்டைய எடுத்தேன். 'பூட்ட நல்லாச் செஞ்சிருக்கான்'னு வந்துச்சு. அம்புட்டுதான். நீ செஞ்சதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்போல."

மதினி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அப்படிப் பேசத் தெரியாது. பெரியப்பா மெச்சியதைப் பிள்ளையிடம் சேர்க்க வேண்டும் என்று சேர்த்தார். இனியன் தலை குனிந்து சாப்பிட்டான். இலை காலியாவதற்கு முன்னால் மதினி மறுபடி சோறு வைத்தார். அவன் அதையும் சாப்பிட்டான். எப்போதும் பாதியிலேயே கையால் இலையை மறைக்கிறவன். மதினி இன்னும் ஒரு கரண்டி எடுத்தார். போதும் என்று அவன் சொல்லவில்லை.